கடைக் கண்ணாடிக்குள் சுருண்ட டரான்டுலா: வாங்குவதா, விடுவதா?

"பாவம் பார்த்து வாங்கிட்டு வந்துட்டேன்." டரான்டுலா என்ற பெரிய மயிர்ச்சிலந்தியை வளர்ப்பவர்கள் மத்தியில், கடையில் கவனிப்பில்லாமல் கிடந்த ஒன்றைப் பற்றி அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பாவம் பார்த்தது உண்மை, வாங்கியதும் உண்மை. கடைக்காரரின் கணக்கில் ஏறுவது மட்டும் இரண்டாவது பாதிதான்.

ஒரு சிலந்தி விற்றால் ஒரு டப்பா காலியாகிறது. காலி டப்பாவுக்கு அடுத்த சரக்கு வருகிறது. மொத்த வியாபாரிக்குப் போகும் பட்டியலில் 'விற்றது 1' என்று இருக்குமே தவிர, இரக்கப்பட்டு வாங்கியவர்களுக்கென்று தனிப் பத்தி கிடையாது. பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினாலும் கதை இதுதான். கொள்முதல் விலைக்கும் கீழே இறக்கி வாங்கினால்கூட, செத்த சிலந்தியைக் குப்பையில் போடுவதைவிட அது கடைக்கு மேல். சொல்லப்போனால், சாகப்போகிற உயிரைத் தள்ளிவிட ஒரு வழி இருக்கிறது என்று கடைக்குக் கற்றுத்தருவதே அந்தத் தள்ளுபடிதான்.

டரான்டுலா விஷயத்தில் இந்தக் கணக்கு கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் அதன் வளர்ச்சி வேகம். பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா போன்ற பேரினங்களின் பெண் சிலந்தி முட்டையிலிருந்து வந்து முழுப் பருவம் அடையப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் தீனி போட்டு, இடம் கொடுத்து, தண்ணீர் வைத்து வளர்த்த ஒன்றை யாரும் அடிமாட்டு விலைக்குத் தரமாட்டார்கள். முழு வளர்ச்சி பெற்ற சிலந்தி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது வளையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலியிலிருந்து கிராமோஸ்டோலா சிலந்திகள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் உலகம் முழுக்கப் போயின. ஒரு முதிர்ந்த பெண்ணை எடுத்தால், அது இட்டிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கான முட்டைகளும் அந்த மண்ணுக்கு இல்லை. கடையில் காலியாகும் டப்பா கடைசியில் காட்டில் ஒரு காலி வளையாகிறது.

எதிர்த்தரப்பின் வாதமும் முழுக்க நிற்கவில்லை. "வாங்காமல் விடு, அந்தச் சாவு கடைக்கு நஷ்டம், அதுதான் பாடம்" என்கிறார்கள். சிலந்தி, மீன் போன்ற சிறு உயிர்களை விற்பவர்கள் வழியில் சாகிறவற்றையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். ஒன்று செத்தால் எந்தப் பாடமும் ஏறாது. நீங்கள் வாங்காமல் நடந்துவிட்டதால் அந்தக் கடை திருந்தும் என்பது, நீங்கள் வாங்கியதால் அந்த இனம் பிழைத்தது என்பதற்குச் சமமான மிகை. எனவே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு இது: கடை தொடர்ந்து சிலந்தி விற்கிற வரை காசு கொடுக்காதீர்கள். அதேசமயம் சும்மாவும் வெளியே வராதீர்கள். டப்பாவுக்குள் இருப்பதை அங்கேயே சரிசெய்ய முடியும், பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால், அங்கே உண்மையிலேயே புறக்கணிப்பு நடக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

பட்டினி, அழுக்கு, சாவு: எது உண்மை, எது இல்லை

நாய்க்கும் பூனைக்கும் பழகிய கண்ணோடு சிலந்தி டப்பாவைப் பார்த்தால் எல்லாமே கொடுமையாகத் தெரியும். சின்ன இடம், அசையாத உடல், வெறுமையான மண். இவற்றில் பாதி டரான்டுலாவுக்குப் பொருட்டே இல்லை. காலை விரித்தால் வரும் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமுள்ள பெட்டி அதற்குப் போதும். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது அதன் இயல்பு. வறண்ட நிலத்து இனத்துக்குக் காய்ந்த மண்தான் சரி. ஈரம் சொதசொதவென்று இருந்தால்தான் பிரச்சினை. கிராமோஸ்டோலா மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும், சில சமயம் ஒரு வருடத்தையும் தாண்டும். "மூணு மாசமா சாப்பிடலை" என்று கடைப்பையன் சொன்னால் அது குற்ற ஒப்புதல் ஆகிவிடாது. வயிறு முன்னுடல் (கால்கள் முளைக்கும் பகுதி) அளவுக்காவது உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பசியில் இல்லை.

வயிற்றின் மேல் சொட்டையும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்துச் சுணைமயிரை உதறும். அந்த இடம் வழுக்கையாகிவிடும். அடிக்கடி தொந்தரவு செய்யப்படுகிறது என்பதற்கு அது அடையாளம், நோய் இல்லை. அந்த வழுக்கை கறுத்து, பளபளத்து, இரையையும் மறுத்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம்.

கடைகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். டரான்டுலா பெரும்பாலும் மல்லாந்து படுத்துத்தான் தோலுரிக்கும். காலெல்லாம் மேலே பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், அல்லது உயிர் இருக்கிறதா என்று பென்சிலால் குத்திப் பார்க்கிறார்கள். பழைய தோலிலிருந்து கால்களை உருவிக்கொண்டிருக்கும்போது குத்துவது, பாதி கழற்றிய சட்டையோடு ஆளைத் தள்ளிவிடுவதைப்போல. கால் உள்ளேயே சிக்கும், மென்தோல் கிழியும். ஒரு விதியை மட்டும் கடையில் சொல்லிவிட்டு வரலாம்: மல்லாந்து கிடந்தால் தோலுரிக்கிறது, தொடாதே; நிமிர்ந்தபடி கால்களை உடலுக்கடியில் மடக்கிக் கிடந்தால் ஆபத்து, உடனே தண்ணீர்.

அந்த மடங்கல் ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. சிலந்தியின் காலை மடக்கத் தசை இருக்கிறது. ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை இல்லை. முன்னுடலிலிருந்து ஹீமோலிம்ப் என்ற உடல்திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் விழும், தசை மட்டும் இழுக்கும், கால்கள் முஷ்டிபோல் உள்ளே மடங்கும். உண்மையான புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்: சுருங்கி ஓரம் மடிந்த வயிறு, மடங்கத் தொடங்கிய கால்கள், காய்ந்த நீர்த்தட்டு. அல்லது நீர்த்தட்டே இல்லை. அல்லது தட்டு நிறைய ஸ்பாஞ்சு. இந்த ஸ்பாஞ்சு வழக்கம் எங்கிருந்து முளைத்ததோ, ஒழிய மாட்டேன் என்கிறது. சிலந்தி ஸ்பாஞ்சிலிருந்து உறிஞ்சிக் குடிக்காது, அதில் வளர்வது கிருமியும் பூஞ்சையும்தான். திறந்த தண்ணீரில் வாயை வைத்தே அது குடிக்கும். மூழ்கிவிடும் என்ற பயம் வேண்டாம்.

மற்ற உண்மையான குறைகள்: உயரமான பெட்டியில் கொஞ்சூண்டு மண் போட்டுத் தரைவாழ் இனத்தை வைப்பது (ஏறி விழுந்தால் வயிறு வெடிக்கும்), கம்பிவலை மூடி (நகம் சிக்கிக் கால் பிய்யும்), அடியில் வெப்பத்தகடு (சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டும் உயிர் சூட்டை நோக்கியே தோண்டும்), தின்னாத கிரிக்கெட் பூச்சிகளை உள்ளேயே விட்டுவைப்பது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம்போலத் தோன்றும். தோலுரித்த புதிதில் சிலந்தியின் உடல் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். அப்போது பசித்த கிரிக்கெட் பூச்சி அதையே கடித்துத் தின்னும்.

கடையில் என்ன பேசுவது

குரலை உயர்த்தினால் கதவைக் காட்டுவார்கள். டரான்டுலா விற்கும் கடைகளில் அதைப் பற்றித் தெரிந்த ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை, அவர்களுக்கும் அதைக் கண்டு பயம். அந்தப் பயத்தைத் தணிப்பதுதான் பேச்சின் தொடக்கம். "இதுக்கு ஒரு பாட்டில் மூடியில தண்ணி வெச்சா போதும், நான் வேணா வெச்சுத் தரட்டுமா" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அடுத்து ஒளிவதற்கு ஒரு மரப்பட்டைத் துண்டோ பாதி புதைத்த தொட்டியோ. அதற்கடுத்து, மூடிக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள உயரம் கால் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி மண் சேர்ப்பது. நான்கே வரியில் ஒரு சீட்டு எழுதி டப்பாவில் ஒட்டச் சொல்லுங்கள்: தண்ணீர் எப்போதும், இரை வாரம் ஒன்று, மிச்ச இரையை மறுநாள் எடுத்துவிடவும், மல்லாந்தால் தொடாதே. நீண்ட குறிப்பேட்டை யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். மாற்றம் இருந்தால் அந்தக் கடைக்கு இனி வரும் எல்லாச் சிலந்திக்கும் அந்த நான்கு வரி பயன்படும். ஒன்றை வாங்கி வந்திருந்தால் பயன் ஒன்றோடு முடிந்திருக்கும். மாற்றம் இல்லையென்றால் புகார் செய்யலாம். ஆனால் பல நாடுகளின் விலங்கு நலச் சட்டங்களில் முதுகெலும்பில்லாதவை வருவதே இல்லை. பிரிட்டனின் 2022 ஆம் ஆண்டு விலங்கு உணர்திறன் சட்டத்தில்கூட நண்டு, இறால் வகைகளும் கணவாய், பேய்க்கணவாய் வகைகளும் சேர்க்கப்பட்டன, சிலந்தி சேரவில்லை. அதனால் 'கொடுமை' என்ற புகாரைவிட, 'பாதுகாக்கப்பட்ட இனம் ஆவணமின்றி விற்கப்படுகிறது' என்ற புகாருக்குப் பல இடங்களில் கால் முளைக்கும். பிராக்கிபெல்மா பேரினம் 1990களிலிருந்து, காட்டுயிர்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா பேரினம் 2019 இல் சேர்க்கப்பட்டது. அதில் நீல நிறத்துக்காக அதிகம் தேடப்படும் மெட்டாலிகா, ஆந்திரத்தின் ஒரு சிறு காட்டுப்பகுதியில் மட்டும் இருக்கும், அழிவின் விளிம்பிலுள்ள இனம். பன்னாட்டு வியாபாரத்தில் இவை கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாத ஒன்றை இரக்கப்பட்டு வாங்கினால் குற்றத்தில் நீங்களும் பங்காளி. படம் எடுங்கள், டப்பாவில் எழுதியுள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எப்போது எடுத்துவரலாம்? கடை மூடப்படும்போது, சிலந்தி விற்பதையே நிறுத்தும்போது, யாரோ வளர்த்துக் கைவிட்டதைக் கடை வேறு வழியில்லாமல் வைத்திருக்கும்போது, அல்லது "எடுத்துட்டுப் போங்க, காசு வேணாம்" என்று சொல்லும்போது. இந்தக் கடைசி வாய்ப்பு நினைப்பதைவிட அதிகம் கிடைக்கும். செத்துக்கொண்டிருக்கும் சிலந்தி கடைக்கும் தலைவலிதான். "பிழைக்காது, இலவசமா குடுத்தா முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று நேராகக் கேட்கலாம்.

கேட்பதற்கு முன் அதன் முன்பக்கத்தைக் கவனியுங்கள். வாயருகே உள்ள உணர்கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பி, முன்னங்கால்களின் உட்புறம் சிறு கொக்கி இருந்தால் அது முதிர்ந்த ஆண் (கொக்கி எல்லா இனத்திலும் இராது, உப்பல் இருக்கும்). பெண் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் இனங்களில்கூட, ஆண் கடைசித் தோலை உரித்தபின் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான். மெலிந்த வயிறும் ஓயாத நடையும் அந்தப் பருவத்தின் இயல்பு. அதைப் புறக்கணிப்பு என்று எண்ணிக் காசு கொடுப்பவர்கள் ஏராளம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்கள்

கையால் எடுக்க வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்தை மேலே கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து மூடலாம். அல்லது கிண்ணத்தை முன்னால் வைத்து, மெல்லிய தூரிகையால் பின்னங்காலைத் தொட்டு உள்ளே நடக்கவிடலாம். அமெரிக்க இனமென்றால் சுணை கண்ணில் படக்கூடாது. விழியில் தைத்த முள்மயிரைக் கண் மருத்துவரே எடுக்கச் சிரமப்படுவார், அதனால் டப்பாவுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்குச் சுணை இல்லை, பதிலுக்கு வேகமும் கடியும் உண்டு. பொசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வந்துபோகும்.

கால் மடங்கிய சிலந்திக்கு முதல் வைத்தியம் தண்ணீர், உணவு கிடையாது. ஆழமில்லாத மூடியில் தண்ணீர் ஊற்றி, வாய் மட்டும் ஈரத்தில் படும்படி முன்னுடலை அதன் விளிம்பில் சாய்த்து வையுங்கள். வயிற்றின் அடிப்புற முன்பகுதியில்தான் அது மூச்சுவிடும் புத்தக நுரையீரல்களின் பிளவுகள் இருக்கின்றன, அந்தப் பகுதி நீருக்கு வெளியே இருக்கட்டும். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். குடிக்கும் சிலந்தி அசையாது, அதனால் ஏமாற வேண்டாம்.

'ஐசியு' என்று ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது: துளையிட்ட டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்துச் சிலந்தியை வெதுவெதுப்பாக மூடிவைப்பது. நீர்வற்றிய சிலந்திக்குச் சில மணி நேரம், அதிகம் போனால் ஒன்றிரண்டு நாள், அது உதவலாம். எல்லா நோய்க்கும் இதையே செய்வதும் வாரக்கணக்கில் வைத்திருப்பதும்தான் கெடுதல். ஈரமான, காற்றோட்டமில்லாத டப்பா பூஞ்சைக்கும் சிற்றுண்ணிக்கும் நல்ல வீடு. சிலந்திக்கு உதவுவது குடிக்கும் தண்ணீர், ஈரக்காற்று அதற்கு மாற்றாகாது.

காலோ உணர்கையோ முறிந்து திரவம் கசிந்தால் சோளமாவைத் தூவி, அல்லது வாசலின் தடவி அடைக்கலாம். கசிவு நிற்காமல் கால் பாதி தொங்கினால், சிலந்தியே அடிமூட்டில் கழற்றிப்போட்டுவிடும், அடுத்த ஒன்றிரண்டு தோலுரிப்பில் திரும்ப முளைக்கும். வயிற்றில் கிழிசல் என்றால் வாய்ப்பு குறைவு.

பெட்டிக்குத் தென்னைநார்த்தூளும் மணல் கலக்காத, உரம் போடாத தோட்டமண்ணும் போதும். கூழாங்கல்லும் பைன் மரச்சீவலும் வேண்டாம். மண்ணை விரலால் நன்றாக அழுத்திக் கெட்டியாக்குங்கள், லொடலொட மண்ணில் அது நடக்கத் தயங்கும். வெளிச்சமும் வெப்பவிளக்கும் தேவையில்லை. நீங்கள் சட்டையோடு வசதியாக உட்கார முடிகிற அறைவெப்பம் பெரும்பாலான இனங்களுக்குப் போதும். முதல் வாரம் இரை போடாதீர்கள். பிறகு போடும் முதல் இரை வயிற்றைவிடச் சிறியதாக இருக்கட்டும். பட்டினியை ஈடுகட்ட அடுத்தடுத்துப் போட்டு வயிற்றைப் பலூனாக்குகிறார்கள், அந்த வயிறு சிறு உயரத்திலிருந்து விழுந்தாலே வெடிக்கும்.

இனி எல்லோரும் அலட்சியப்படுத்தும் பகுதி. வீட்டில் வேறு சிலந்திகள் இருந்தால் புதியதை வேறு அறையில், குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் தனியே வையுங்கள். இடுக்கியும் நீர்க்குவளையும் தனி. மற்றவற்றைப் பார்த்து முடித்தபிறகு கடைசியாக இதைப் பாருங்கள். பயப்பட வேண்டியது நூற்புழு (நெமடோட்) என்ற ஒட்டுண்ணிக்கு. வாயைச் சுற்றி வெண்மையான பிசுபிசுப்பு, இரை மறுப்பு, நுனிக்காலில் எழும்பித் தடுமாறும் நடை, நச்சுப்பல்லை அசைக்க முடியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். 2022 இல் கலிபோர்னியாவில் வளர்ப்பு டரான்டுலாக்களிலிருந்து அப்படி ஒரு புது இனம் விவரிக்கப்பட்டது. சிலந்திப் பயத்தைப் பற்றிய படமொன்றில் நடித்த ஜெஃப் டேனியல்ஸின் பெயரால் அதற்கு டரான்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று பெயர். பெயர் வேடிக்கை, வேலை கொடூரம்: வாயில் குடியேறி, சிலந்தியைப் பட்டினி போட்டே கொல்கிறது. நம்பகமான மருந்து இல்லை. வாயருகே எடுத்த ஈரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நெளிவது தெரியும். இதுபோன்ற அரிய வளர்ப்பு உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அந்தச் சோதனையைச் செய்து தருவார். அழுகலில் மொய்க்கும் குட்டி ஃபோரிட் ஈக்கள் இந்தப் புழுவைப் பெட்டிக்குப் பெட்டி கொண்டுபோகலாம் என்பதால் மிச்ச இரையை உடனே அகற்றுங்கள்.

கால்கள் வெட்டிவெட்டி இழுத்து, திசை தெரியாமல் உடல் துள்ளினால் அதை டிகேஎஸ் (டிஸ்கைனெட்டிக் சிண்ட்ரோம், அசைவுக் கோளாறு) என்பார்கள். அது அறிகுறியின் பெயர், நோயின் பெயர் அல்ல. காரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சிமருந்து. நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி ஸ்ப்ரே அடிக்கிற அதே அறையில்தான் பல கடைகளில் சிலந்தியும் இருக்கிறது. சுத்தமான மண்ணுக்கு மாற்றித் தண்ணீர் வைத்துக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மீளாது என்று உறுதியானால் முடித்துவைப்பதும் மீட்பவரின் பொறுப்பில் சேரும். உறைபெட்டியில் அப்படியே வைப்பது பழைய வழக்கம், அது வலியற்றதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவர் கிடைத்தால் மயக்கவாயு கொடுத்தபின் பொட்டாசியம் குளோரைடு ஊசி போடுவது இதைவிட மேல். எந்தக் காரணத்துக்காகவும் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த டில்டோகாட்டில் வேகன்ஸ் என்ற டரான்டுலா 1990களில் புளோரிடாவில் ஒரு பழத்தோட்டப் பகுதியில் குடியேறிப் பெருகியது கண்டுபிடிக்கப்பட்டது. நூற்புழுவோடு விடப்பட்ட ஒன்று உள்ளூர்ச் சிலந்திகளுக்கு அந்தப் புழுவைக் கொண்டுபோவது இன்னும் மோசம்.

பிழைத்துவிட்டதா என்பது முதல் தோலுரிப்பில் தெரியும். நச்சுப்பல் அப்போது வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். முழுக்கக் கறுக்கும் வரை, பெரிய சிலந்திக்கு இரண்டு வாரமாவது, இரை வேண்டாம். உரித்த தோலை எறியாதீர்கள். காய்வதற்குள் சோப்புக் கரைத்த நீரில் நனைத்து, வயிற்றுப் பகுதியை மெல்ல விரித்து, முன் நுரையீரல் இணைக்கு நடுவே உட்புறம் பாருங்கள். அங்கே சிறு பை அல்லது மடல்போல் ஒன்று எழும்பி நின்றால் பெண். அப்படியென்றால் உங்கள் கையிலிருப்பது இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு வாழக்கூடியது. டப்பாவில் இனப்பெயரும் தோலுரித்த தேதியும் எழுதும்போதே, நீங்கள் ஊர்மாறினால் இதை யார் எடுத்துக்கொள்வார் என்ற பெயரையும் கேட்டு எழுதிவிடுங்கள்.